கவர் வேறு, பிளாஸ்டிக் வேறு

எங்கள் வீட்டில் பிளாஸ்டிக்குக்கு இடமே இல்லை என்று அந்த டாக்டர் அம்மாவிடம் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். பொய் சொல்லவில்லை. சத்தியம் செய்யச் சொல்லியிருந்தால் மடியில் இருந்த மகள் தலையில் கை வைத்தே செய்திருப்பேன். நல்ல வேளை, கேட்கவில்லை.

அங்கன்வாடியில் அன்று கூட்டம். வெளியூர்க் கல்லூரி ஒன்றிலிருந்து டாக்டர்கள் வருகிறார்கள், தாயும் பிள்ளையும் என்ன சாப்பிடுகிறார்கள், அதை எதில் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார்கள், இருவரிடமும் சிறுநீர் வாங்கிக்கொண்டு போய்ச் சோதிப்பார்கள் என்று டீச்சர் வீடு வீடாக வந்து சொல்லியிருந்தார். ஊசி உண்டா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றதும் கிளம்பிவிட்டேன். என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. தாய்ப்பாலும் குடிப்பாள், இட்லி, கூழ், சத்துமாவுக் கஞ்சி என்று கையில் கிடைத்ததையும் தின்பாள்.

டாக்டர் அம்மா என்னைவிட வயதில் சின்னவர். கண்ணாடி போட்டிருந்தார். கோபமே வராது போலிருக்கிற குரல்.

"கொழந்தையோட சாப்பாட்ட எதுல வச்சிருப்பீங்க? பிளாஸ்டிக்ல வைக்கிறது உண்டா?"

"அந்தப் பேச்சே எங்க வூட்ல கிடையாதுங்க. எல்லாம் எவர்சில்வர்தான். டப்பா, தட்டு, பாட்டில் இன்னா இருந்துச்சோ, இவ பொறந்ததும் அத்தினியும் தூக்கிப் போட்டுட்டேன்."

என் ஓரகத்தியும் கூட வந்திருந்தாள். கணவரின் அண்ணன் மனைவி, மாடிப் பகுதியில் இருக்கிறாள். நான் அக்கா என்பேன். "ஆமாங்க, இவ ரொம்ப சுத்தக்காரி. ஒரு ஸ்பூன் கீழ விழுந்தாகூட எங்களையெல்லாம் பேஜார் பண்ணிடுவா" என்று அவளும் சாட்சி சொன்னாள்.

டாக்டர் அம்மாவுக்கு மகிழ்ச்சி. நாளைக்குக் காலையில் குழந்தை சாப்பிடுகிறதை அது இருக்கிற பாத்திரத்தோடேயே கொண்டு வாருங்கள், பார்க்க வேண்டும் என்றார். கொண்டு வருகிறேன் என்றேன். பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளைப் போல வீட்டுக்கு நடந்தேன்.

எங்கள் பிழைப்பைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். ஆரணியில் பட்டுக்கு எத்தனையோ கை உண்டு. எங்களுடையது கடைசிக் கை. நெசவு வீடுகளிலிருந்து என் கணவர் புடவைகளை வாங்கி வருவார். முன் அறையில் நானும் அக்காவும் உட்கார்ந்து தொங்குகிற இழையை வெட்டி, உள்ளே அட்டை வைத்து மடித்து, கவர் போட்டு ஜிப்பை இழுத்து மூடுவோம். அதன் பிறகு அது கடைக்குப் போகும். அதனால் வீட்டில் புடவை இருக்கிறதோ இல்லையோ, கவர் கட்டுக் கட்டாக இருக்கும்.

புதுக் கவர் கட்டைப் பிரித்தால் ஒரு வாசனை வரும். லேசான இனிப்பு, கொஞ்சம் மண்டைக்குள் ஏறும். கல்யாணமாகி வந்த புதிதில் இந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான். வீட்டுக்காரரைப் பிடித்தது அப்புறம்.

ஒவ்வொரு கட்டிலும் சில கவர்கள் தேறாது. தங்க நிற எழுத்தில் கடையின் பெயர் அடித்திருப்பார்கள். அதில் ஒரு எழுத்து பிசகி, பட்டு என்பது பாட்டு என்று வந்திருக்கும். கடைக்காரர் வாங்க மாட்டார். நல்ல கெட்டிக் கவர், தூக்கி எறிய யாருக்கு மனம் வரும்? எல்லாம் சமையலறைக்குப் போய்விடும். இட்லிப் பொடி அதில்தான், வற்றல் அதில்தான், முறுக்கு அதில்தான். வந்தவாசியில் இருக்கும் என் அம்மாவுக்கும் ஒரு கட்டு கொடுத்திருக்கிறேன். சத்துமாவு அரைத்து அதே கவரில் போட்டுப் பேருந்தில் அனுப்புவார். தெருவில் எங்கள் வேலை செய்கிற எல்லார் வீட்டிலும் இதே கதைதான்.

இதற்கு எங்களிடம் நியாயமும் இருந்தது. பட்டு வைக்கிற கவர் அது. பூஜைக்கும் முகூர்த்தத்துக்கும் கட்டுகிற பட்டு போய் உட்காருகிற இடத்தைவிடச் சுத்தமான இடம் ஏது? காய்கறிக் கடையில் தருகிற கறுப்புக் கவரில் தின்னும் பண்டத்தை வைத்தால் அக்கா முகம் சுளிப்பாள். புடவைக் கவரில் வைத்தால் ஒன்றும் சொல்ல மாட்டாள். பிளாஸ்டிக் என்றால் எங்களுக்கு வாளி, குடம், நாற்காலி, மூடி போட்ட டப்பா. கவர் என்றால் கவர். இரண்டும் ஒன்று என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

என் மகள் வளர்ந்ததே அந்த முன் அறையில்தான். காலையில் இட்லியைச் சுடச்சுட நெய் தடவி ஒரு புடவைக் கவரில் போட்டு ஜிப்பை மூடிப் பக்கத்தில் வைத்துக்கொள்வேன். ஆறாது, காயாது, பஞ்சு மாதிரி இருக்கும். வேலைக்கு நடுவே ஜிப்பைத் திறந்து ஒரு துண்டு பிய்த்துக் கொடுப்பேன். ஜிப் சத்தம் கேட்டால் எந்த மூலையில் இருந்தாலும் தத்தக்கா பித்தக்கா என்று ஓடி வருவாள். ஒரு நாள் சூட்டில் தங்க எழுத்து இட்லியில் ஒட்டி, இட்லியிலிருந்து அவள் கன்னத்திலும் ஒட்டிக்கொண்டது. வீடே கூடிச் சிரித்தது. என் கணவர் போட்டோ எடுத்து, வீட்டுக்கு லட்சுமி வந்திருக்கிறாள் என்று சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினார்.

அப்போது அவளுக்கு வாயில் ஒரு வார்த்தை வந்திருந்தது. கவ்வா. பசித்தால் கவ்வா, அடம்பிடித்தால் கவ்வா. என்ன அர்த்தம் என்று எங்களுக்குள் பட்டிமன்றமே நடந்தது. தன்னைத்தான் கூப்பிடுகிறாள், அப்பா என்பது அவள் வாயில் அப்படி வருகிறது என்று என் கணவர் சாதித்தார். காக்காவைச் சொல்கிறாள் என்றாள் அக்கா. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை.

மறுநாள் காலை ஆவி பறக்கும் இட்லியை நெய்யோடு கவரில் போட்டு, சத்துமாவையும் அதன் கவரோடு எடுத்துக்கொண்டு அங்கன்வாடிக்குப் போனேன். டாக்டர் அம்மா பார்த்தார்.

"பாத்திரம் எங்கம்மா?"

"இதுதாங்க."

"இது பிளாஸ்டிக் ஆச்சே."

"பிளாஸ்டிக் இல்லீங்க, இது கவர். கவர் வேற, பிளாஸ்டிக் வேற."

அங்கிருந்த மற்ற அம்மாக்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். டாக்டர் அம்மா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சண்டை போட்டிருப்பேன், பயந்திருக்க மாட்டேன். அவர் கவரைக் கையில் வாங்கி ஜிப்பைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"இந்த வாசன எதனாலம்மா வருது?"

"புதுசுங்க. புதுக் கவர்னா அப்டித்தான் இருக்கும்."

"பழசானா?"

"போய்டுங்க."

"எங்க போகுது?"

இத்தனை வருஷம் அந்த வாசனையை இழுத்து இழுத்து அனுபவித்தவள், அது எங்கே போகிறது என்று ஒரு தடவைகூட யோசித்ததில்லை. கவரின் உள்பக்கம் ஆவி முத்து முத்தாக வேர்த்து இட்லிமேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் பொறுமையாகவே சொன்னார். இவ்வளவு மெத்தென்று வளைய வேண்டுமென்றால் இந்த மாதிரிப் பொருளில் ஏதேதோ மருந்து கலப்பார்களாம். அது அதிலேயே ஒட்டி நிற்காதாம். சூடு பட்டால், நெய், எண்ணெய் பட்டால், புளிப்புப் பட்டால் கசிந்து சாப்பாட்டில் இறங்குமாம். உள்ளே போனது பெரும்பாலும் சிறுநீரில் வந்துவிடும், ஆனால் தினமும் சாப்பிட்டால் தினமும் உள்ளே போய்க்கொண்டே இருக்கும் என்றார். குழந்தைக்கு உடம்பு சின்னது, அது வளருகிற கணக்கை இது குழப்பலாம் என்று சந்தேகப்படுகிறோம், முழுசாக இன்னும் தெரியாது என்றார். "வயித்துல இருக்கற கொழந்தைக்கும் போகும். தாய்ப்பால்லயும் கொஞ்சம் வரும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் பேசியது எதுவும் என் காதில் விழவில்லை. தாய்ப்பாலிலும் என்பது மட்டும்தான் விழுந்தது. கண்ணாடிக் குப்பியில் அவள் சிறுநீரையும் என்னுடையதையும் வாங்கிக்கொண்டார்கள். தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது அவளுடையது. அதைப் பார்த்து எதையும் கண்டுபிடிக்க முடியாது என்று தெரிந்தும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் என் கண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது. எங்கே பார்த்தாலும் கவர். எண்ணெய் கவரில் வந்திருக்கிறது, பால் கவரில் வந்திருக்கிறது, பிஸ்கட் கவரில். அலமாரியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொடியும் மாவும் வற்றலும் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. முன் அறையில் அக்காவுக்குத் தேநீர் வந்திருந்தது. கடைப் பையன் வழக்கம்போலக் கொதிக்கிறதைக் கவரில் ஊற்றி ரப்பர் பேண்டு போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருந்தான். நான் கர்ப்பமாக இருந்தபோது காலையும் மாலையும் அதைத்தான் குடித்தேன். சூடாகக் கொண்டு வா என்று அவனை விரட்டுவேன்.

இவளுக்கு முன்னால் எனக்கு இரண்டு தங்கவில்லை. ஏன் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் இருக்கலாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். எனக்கென்று தங்கியது இவள் ஒருத்திதான்.

மதியம் சாப்பிட வந்த கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"இதுக்குப் போயா இப்டி மூஞ்ச வச்சிகினு இருக்கற? நாமெல்லாம் கவர்ல வாங்கித் தின்னுதான வளந்தோம். நமக்கு இன்னா ஆயிடுச்சி?"

"நமக்கு ஒண்ணும் ஆவலன்னு உங்களுக்கு எப்டித் தெரியும்?"

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். அவருக்கும் அந்த இரண்டும் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். தட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

அப்போது மகள் பாலுக்கு வந்தாள். புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நான் கையை விலக்கிவிட்டேன். எனக்குள் போனதெல்லாம் வடிந்து அவளுக்குப் போகிறதென்றால், கடைசியில் நானும் அவளுக்கு ஒரு கவர்தானே? சூடாக, மெத்தென்று, அவள் நம்பி வாய் வைக்கிற கவர். மறுபடி இழுத்தாள். மறுபடி விலக்கினேன். என் முகத்தைப் பார்த்தாள். அம்மா விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். பிறகு விளையாட்டு இல்லை என்று புரிந்து அழுதாள்.

கணவர் மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிப் பால்பவுடரும் பாட்டிலும் வாங்கி வந்தார். பவுடரைப் பிரித்தேன். உள்ளே வெள்ளி நிறத்தில் ஒரு கவர். அளக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்பூன். வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றினேன். மூடுவதற்கு முன் முகர்ந்தேன். லேசான இனிப்பு, கொஞ்சம் மண்டைக்குள் ஏறியது. அது நிஜமாகவே பாட்டிலிலிருந்து வந்ததா, என் மூக்கிலேயே தங்கிவிட்டதா, இன்றுவரை தெரியாது. மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டினேன். கணவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்காலத்துக்குள் மார்பு கல்லாகிவிட்டது. ரவிக்கை நனைந்து, தொட்டால் உயிர் போனது. அவளோ அழுது அழுது தொண்டை கட்டிப்போய்க் கிடந்தாள். அக்கா படியிறங்கி வந்து கத்தினாள்.

"இன்னாடி பண்ணிகினு இருக்கற? புள்ள பசில துடிக்குது, உனக்குப் பால் கட்டிகினு ஜுரம் வரப் போவுது. அந்த டாக்டரம்மாவுக்கு ஜல்தியா ஒரு போன் போட்டுக் கேளு."

போட்டேன். எதிர்முனையில் அவர் பதறிப்போனார். "அய்யோ, பால நிறுத்தச் சொல்லலியேம்மா நான். உடனே குடுங்க. தாய்ப்பாலுக்கு ஈடா ஒண்ணும் கிடையாது. சூடானத அந்தக் கவர்ல போடாம இருந்தாலே போதும், கொறைய ஆரம்பிச்சிடும்."

"இதுவரைக்கும் அவ உடம்புல எவ்ளோ போயிருக்கும்ங்க?"

"பரிசோதன முடிஞ்சா ஓரளவு தெரியும்."

"தெரிஞ்சா, அது ஆபத்தா இல்லியான்னு சொல்லிடுவீங்களா?"

"இவ்ளோ இருந்தா ஆபத்து, இவ்ளோவா இருந்தா இல்லன்னு ஒரு கொழந்தைய வச்சிக் கோடு போட்டுச் சொல்ல இன்னும் யாருக்கும் தெரியாதும்மா. பாக்கற எல்லார்கிட்டயும் கொஞ்சம் இருக்குது. எங்கிட்டயும் இருக்கும்."

தைரியம் சொல்லத்தான் அப்படிச் சொன்னார். எனக்கு அதுதான் எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஒரு நோய் என்றால் அதற்குப் பெயர் இருக்கும், மாத்திரை இருக்கும், வேலூருக்கு ஓடலாம். இதற்கு எங்கே ஓடுவது? போனை வைத்துவிட்டு அவளை மடியில் போட்டேன். வாய் வைத்ததும் அழுகை நின்றது. ஒரு கையால் என் தாலிச் சரட்டைப் பிடித்துக்கொண்டு மடக் மடக்கென்று குடித்தாள். ஒவ்வொரு மடக்குக்கும் எனக்குத் திக்கென்றது. இருந்தும் கொடுத்தேன். வேறு என்ன இருந்தது என்னிடம்?

அடுத்த நாள் சமையலறையைத் தலைகீழாகப் புரட்டினேன். பொடி, மாவு, வற்றல் எல்லாம் எவர்சில்வர் டப்பாவுக்கு மாறின. தேநீர்க் கடைக்குத் தூக்குவாளி அனுப்பினேன். ஒரு நாள் சாம்பார் வாங்க ஓட்டலுக்கு நானே தூக்குவாளியோடு போனேன். முன்னால் அதிகாரிகள் சோதனைக்கு வந்த சமயம் அந்த ஓட்டல்காரர் சில நாள் கவர் இல்லை என்று போர்டு மாட்டியிருந்தார். இப்போது போர்டும் இல்லை, பயமும் இல்லை. "கவர் வேணாங்க, இதுல ஊத்துங்க" என்றேன். "நல்ல பழக்கம்ங்க" என்று பாராட்டிவிட்டு, ஏற்கெனவே கட்டி அடுக்கி வைத்திருந்த கொதிக்கும் சாம்பார்க் கவர் ஒன்றை எடுத்து, முனையைக் கத்தரித்து, என் தூக்குவாளியில் ஊற்றினார். "இந்தாங்க, எவர்சில்வர்லயே எடுத்துகினு போங்க." அவரை எப்படித் திட்டுவது? நானும் போன வாரம்வரை அந்தக் கட்சிதானே. தெருமுனையில் அதைக் கொட்டிவிட்டு வந்து ரசம் வைத்தேன்.

பிழைப்பை மட்டும் மாற்ற முடியவில்லை. கவர் கட்டுகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பிரிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். மகள் அந்தப் பக்கம் வராமல் வாசற்படியில் குறுக்கே ஒரு பெஞ்சைப் போட்டு வைத்தேன்.

சமையலறையைப் புரட்டிய மறுநாள், புது ஏற்பாட்டில் முதல் காலை. வட்டத் தட்டில் இட்லியைப் பிட்டு, நெய் தடவி, ஆறவைத்து அவள் முன்னால் வைத்தேன். தட்டு கண்ணாடியாகப் பளபளத்தது. எனக்கு மனசுக்குள் ஒரு சின்ன தைரியம். அவள் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். தொடவில்லை. ஊட்டப் போனேன், வாயை மூடிக்கொண்டாள்.

"கவ்வா" என்றாள்.

"அப்பா வெளிய போயிருக்காருடி கண்ணு. வந்துடுவாரு. நீ சாப்டு."

"கவ்வா!"

எழுந்தாள். தத்தித் தத்தி முன் அறை வாசலுக்குப் போனாள். பெஞ்சுக்கு அடியில் புகுந்து உள்ளே போய்விட்டாள். நான் எழுந்து ஓடுவதற்குள் திரும்பி வந்தாள். கையில் ஒரு புதுக் கவர். அவளைவிடப் பெரிதாக இருந்தது, தரையில் இழுபட்டுச் சரசரத்தது. நேராக என்னிடம் வந்து அதை என் மடியில் வைத்து, ஜிப்பைத் தட்டிக் காட்டினாள். "கவ்வா" என்றாள் பொறுமையாக, விளங்காத அம்மாவுக்கு விளக்குகிற மாதிரி. எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தாள்.

அப்பாவும் இல்லை, காக்காவும் இல்லை. கவர். அவள் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை. பசித்தால் கேட்கிற வார்த்தை. கவர் வேறு, பிளாஸ்டிக் வேறு என்று டாக்டர் அம்மாவிடம் வாதாடினேனே, என் மகளுக்குச் சோறு வேறு, கவர் வேறு இல்லை.

வாய் திறந்தபடியே இருந்தது. கீழ்வரிசையில் புதிதாக முளைத்த பல் வெள்ளையாகத் தெரிந்தது. என் கையில் இட்லித் துண்டு, மடியில் கவர்.